எரிபொருளைத் தேர்ந்தெடுத்தலும் எரிக்கும் முறையும்

(கூட்டுறவு சங்க அங்கத்தினர்களுக்கும் கிராமப் பாடசாலைகளுக்கும் உரிய ரசாயனப் பாடம்)

ஒரு குடும்பத்தின் செலவுகளுள் அடுப்பில் எரிந்துபோகும் செலவே கணக்கில் மிகக் குறைவாக எழுதப்படுவது. அரிசியையும் பருப்பையும் நிறுத்து வாங்குகிறவர்கள்கூட விறகையும் வறட்டியையும் கை மதிப்பாகவே எரித்துவிடுகின்றனர். மண்ணெண்ணெயையும் சிலிண்டரையும் பணம் கொடுத்து வாங்குவோரும், வாங்கிய உஷ்ணத்தில் எவ்வளவு பங்கு பாத்திரத்தைச் சேர்ந்தது, எவ்வளவு பங்கு புகையாய்ப் போயிற்று என்று பார்ப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரண்டு தாலுகாக்களிலும் இவ்விஷயம் பெரும் முக்கியத்துவம் உடையது. மேற்கே உள்ள மலைக்காடுகளின் பெரும்பகுதி 1988இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஏற்படுத்தப்பட்டுவிட்டபடியால், அடிவாரத்துக் கிராமவாசிகள் பழையபடி மலையிலிருந்து விறகு கொண்டுவர இடமில்லை. மறுபுறத்திலோ, ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயர்பெற்ற பால்கோவாத் தொழில் முழுவதும் அடுப்பையே நம்பி நடைபெறுவது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அப்பால்கோவாவைத் தனிப்பட்டவர்களோடு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கமும் தயாரித்து விற்பனை செய்துவருகிறது. ஆகவே, எதை எரிப்பது, எப்படி எரிப்பது என்னும் கேள்வி இப்பகுதியில் பிழைப்பைத் தொட்ட கேள்வியாகும். இதற்குரிய விடை பள்ளிக்கூடத்து ரசாயன புஸ்தகத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் பரீட்சைக்காகப் படிக்கும் அப்பாடத்தைப் பெரியவர்கள் அடுப்படிக்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. எரிதல் என்பது யாது?

எரிதலாவது, ஒரு பொருள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு விரைந்து கூடி உஷ்ணத்தையும் ஒளியையும் வெளியிடுதல். காற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே பிராணவாயு; மற்றப் பங்கில் பெரும்பாலானது எரிதலுக்கு உதவாத நைட்ரஜன். எரிதல் நடைபெற மூன்று அம்சங்கள் வேண்டும்: எரியும் பொருள், போதுமான காற்று, பற்றிக்கொள்வதற்கு வேண்டிய சூடு. இம்மூன்றில் எது இல்லாமற் போனாலும் தீ அணைந்துவிடும்.

இவற்றுள் முதலாவதையும் மூன்றாவதையும் யாவரும் அறிவர். இரண்டாவதான காற்று கண்ணுக்குத் தெரியாததாலும் விலையின்றிக் கிடைப்பதாலும் அதை ஒருவரும் எண்ணுவதில்லை. ஆனால் எரிபொருளின் பயனில் பாதியைத் தீர்மானிப்பது காற்றே.

ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டு இதைப் பாடசாலையில் எளிதில் காட்டலாம். எரியும் சுடரின் நடுவே குளிர்ந்த கரண்டியை வைத்தால் கரி படியும். உலர்ந்த கண்ணாடித் தம்ளரைச் சுடருக்கு மேல் சற்று நேரம் கவிழ்த்துப் பிடித்தால் உட்புறத்தில் நீர் பனித்து நிற்கும். அத்தம்ளரில் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சிறிது ஊற்றிக் குலுக்கினால் அது பால்போல் வெண்மையாகும். இது கரியமிலவாயு உண்டாயிற்று என்பதற்கு அடையாளம். தம்ளரைத் தரையோடு மூடிவிட்டால் சுடர் சிறுத்து அணையும். இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானியான மைக்கேல் பாரடே 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொடங்கி, மெழுகுவர்த்தி ஒன்றையே வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு ஆறு பிரசங்கங்கள் செய்தார். ரசாயன சாஸ்திரத்தின் பெரும்பகுதி அச்சிறு சுடரில் அடங்கியிருப்பதை அவற்றில் விளக்கினார்.

2. ஹைட்ரோகார்பன் என்னும் குடும்பம்

மேற்கண்ட சோதனையில் நீரும் கரியமிலவாயுவும் உண்டானதற்குக் காரணம், மெழுகில் ஹைட்ரஜனும் கரியும் சேர்ந்திருப்பதே. இவ்விரண்டு மூலப்பொருள்கள் மாத்திரமே கூடி அமைந்த வஸ்துக்களுக்கு ஹைட்ரோகார்பன் என்று பெயர். கரி அணுக்கள் சங்கிலிபோல் ஒன்றோடொன்று கோத்து நிற்க, அவற்றைச் சுற்றி ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்திருக்கும். சங்கிலி நீளநீள வாயு திரவமாகும்; திரவம் திடப்பொருளாகும்.

கரி அணு ஒன்றே உடையது மீதேன். சாண வாயுவில் எரியும் பங்கு இதுவே. மூன்று உடையது புரொபேன், நான்கு உடையது பியூட்டேன். இவ்விரண்டும் சேர்ந்த கலப்பை அழுத்தித் திரவமாக்கி அடைத்ததே வீட்டுக்கு வரும் சிலிண்டர். பெட்ரோலில் பெரும்பாலும் ஐந்து முதல் பன்னிரண்டு வரையிலும், மண்ணெண்ணெயில் பத்து முதல் பதினாறு வரையிலும் கரி அணுக்கள் கோத்த சங்கிலிகள் உள்ளன. டீசல் இன்னும் சிறிது கனமானது. இருபதுக்கு மேற்பட்டது பாரபின் மெழுகு. சிவகாசி வட்டாரத்தில் செய்யப்படும் தீக்குச்சிகளைப் பாரபின் மெழுகில் தோய்ப்பதும் இது பற்றியே: மருந்தின் தீ ஒரு நொடியில் அடங்கிவிடும், அதற்குள் மெழுகு பற்றிக்கொண்டு சுடரை மரக்குச்சிக்குக் கொண்டு சேர்க்கிறது.

விறகு இக்குடும்பத்தைச் சேர்ந்தது அன்று. அதில் கரி, ஹைட்ரஜன் ஆகியவற்றோடு எடையில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் பிராணவாயுவும் முன்னமே கலந்து நிற்கிறது. ஏற்கனவே பிராணவாயுவோடு கூடியிருக்கும் பொருள் எரியும்போது புதிதாகக் கூடவேண்டிய அளவு குறைவு. ஆகையால் வெளிப்படும் உஷ்ணமும் குறைவு. ஒரு கிலோ விறகைவிட ஒரு கிலோ மண்ணெண்ணெய் இரண்டரை மடங்கு உஷ்ணம் தருவதன் காரணம் இதுவே.

3. சுடரின் நிறம் சொல்லும் செய்தி

ஒரு பங்கு மீதேன் முற்றிலும் எரிய அதைப்போல் 2 பங்கு பிராணவாயு, அதாவது ஏறக்குறைய 9½ பங்கு காற்று வேண்டும். ஒரு பங்கு புரொபேனுக்கு 24 பங்கு காற்றும், பியூட்டேனுக்கு 31 பங்கு காற்றும் வேண்டும். இவ்வளவும் கிடைத்தால் சுடர் நீல நிறமாய், உறுதியாய், புகையின்றி எரியும். கரியெல்லாம் கரியமிலவாயுவாகவும், ஹைட்ரஜனெல்லாம் நீராவியாகவும் மாறிவிடும்.

காற்றுக் குறைந்தால் நடப்பது வேறு. ஹைட்ரஜன் முந்திக்கொண்டு எரிய, கரியின் ஒரு பகுதி எரியாமல் நுண்ணிய துகள்களாய் நின்று, சூட்டில் மஞ்சளாய் ஒளிவிடும். அத்துகள்களே பின்னர்ப் பாத்திரத்தின் அடியிலும் கூரையிலும் சமைப்பவரின் சுவாசத்திலும் கரியாய்ப் படிகின்றன. மற்றொரு பகுதி அரைகுறையாக எரிந்து, கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயுவாகும். கரி முழுவதும் எரிந்தால் வெளிப்படும் உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே அப்போது வெளிப்படுகிறது. எனவே மஞ்சள் சுடர் பணத்தையும் ஆரோக்கியத்தையும் ஒருங்கே போக்குவது.

பாடசாலைச் சோதனைச்சாலையிலுள்ள பன்சன் அடுப்பு இந்த உண்மையை வைத்தே செய்யப்பட்டது. ஜெர்மனி தேசத்து ஹைடல்பர்க் நகரில் 1855ஆம் ஆண்டளவில் உருவான இக்கருவியின் அடியில் காற்றுத் துவாரம் உண்டு. துவாரத்தை மூடினால் சுடர் மஞ்சளாகிக் கரி கக்கும். திறந்தால் அதே வாயு நீலமாய்ச் சீறி எரியும். வீட்டு வாயு அடுப்பின் குழாயிலும் இத்தகைய காற்றுத் துவாரம் உள்ளது. அதில் தூசியும் சிலந்திக்கூடும் அடைத்துக்கொண்டால் சுடர் மஞ்சளாகும். வாயு கெட்டுவிட்டதென்று பலர் குறை கூறும்போது உண்மையில் கெட்டிருப்பது காற்றின் வழியே.

இதற்குப் பட்டறையிலும் ஓர் உதாரணம் காணலாம். கால்சியம் கார்பைடில் நீர் பட்டு எழும் அசிட்டிலீன் வாயு வெறுங்காற்றில் எரிந்தால் கருத்த கரி பறக்கும். அதே வாயுவோடு சிலிண்டரிலிருந்து பிராணவாயுவைச் சேர்த்துவிட்டால் 3,000 டிகிரிக்கு மேற்பட்ட சூடு உண்டாகி இரும்பையே உருக்குகிறது. பொருள் ஒன்றே, கூடிய பிராணவாயுவின் அளவே வேறு.

சுடர் ஒளிக்காக வேண்டியதாயின் மஞ்சள் நிறம் குற்றமாகாது. லாந்தரின் வெளிச்சம் எரியாத கரித்துகள்களின் ஒளியே. ஆனால் அங்கும் கண்ணாடிச் சிம்னி மேல்நோக்கிக் காற்றை இழுத்து அத்துகள்களை மேற்புறத்தில் எரித்துவிடுகிறது. சிம்னி இல்லாத காடா விளக்கு புகைவதும், லாந்தர் புகையாமல் எரிவதும் இதனாலேயே.

4. உஷ்ண மதிப்பும் பள்ளிக்கூடக் கணக்கும்

ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க வேண்டிய உஷ்ணம் ஒரு கிலோ கலோரி. ஒரு கிலோ எரிபொருள் முற்றும் எரிந்தால் வெளிவரும் உஷ்ணம் ஏறக்குறைய வருமாறு:

உலர்ந்த விறகு — 4,000 கிலோ கலோரி
உலர்ந்த வறட்டி — 3,000 கிலோ கலோரி
மண்ணெண்ணெய் — 10,300 கிலோ கலோரி
சமையல் எரிவாயு — 11,000 கிலோ கலோரி
சாண வாயு (கன மீட்டர் ஒன்றுக்கு) — 4,700 கிலோ கலோரி

இவை பொருளுக்குள் அடங்கிய உஷ்ணம். பாத்திரத்தைச் சேரும் உஷ்ணம் அடுப்பைப் பொறுத்தது. மூன்று கல் அடுப்பில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கும், காற்றோட்டமும் புகைபோக்கியும் அமைத்துச் சீர்செய்த விறகு அடுப்பில் 20 முதல் 25 பங்கும், நல்ல மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் வாயு அடுப்பிலும் 50 முதல் 65 பங்கும் பாத்திரத்திற்குக் கிடைக்கும்.

இதை மாணவர்கள் தாமே அளந்து பார்க்கலாம். மெழுகுவர்த்தியை நிறுத்துக் குறித்துக்கொண்டு, சிறு தகர டப்பாவில் 100 கிராம் நீரை அதன் மேல் வைத்து, நீரின் சூடு 40 டிகிரி உயரும்வரையில் எரித்துப் பின்பு வர்த்தியை மீண்டும் நிறுக்க வேண்டும். நீர் பெற்றது 4 கிலோ கலோரி. குறைந்த மெழுகு 1 கிராம் என்றால் அது வெளியிட்டது ஏறக்குறைய 10 கிலோ கலோரி. ஆகவே நூற்றுக்கு 40 பங்கே நீரைச் சேர்ந்தது. டப்பாவைச் சுற்றித் தகரத் தடுப்பு ஒன்றை வைத்து, அடியில் காற்று நுழைய வழிவிட்டு மறுபடி செய்தால் மெழுகின் செலவு குறையும். அடுப்பைச் சீர்திருத்துவதன் பயன் பிள்ளைகளுக்கு இதனால் நன்கு விளங்கும்.

ஈர விறகைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதி நீராகவே இருக்கக்கூடும். அந்நீரை ஆவியாக்கவே கிலோவுக்கு ஏறக்குறைய 600 கிலோ கலோரி செலவாகும். அன்றியும் சுடர் குளிர்ந்து புகை மிகும். ஈர விறகை எடைக்கு வாங்குகிறவர் நீரை விலைகொடுத்து வாங்கி, அதை ஆவியாக்க மீண்டும் விறகைச் செலவிடுகிறார். பிளந்து அடுக்கிக் காற்றாட உலர்த்திய விறகு, ஈர விறகைப்போல் இரண்டு மடங்கு உஷ்ணம் தரும்.

5. கோவா அடுப்பின் கணக்கு

10 லிட்டர் பாலைக் கோவாவாக்குவதாக வைத்துக்கொள்வோர் கீழ்க்கண்டவாறு கணக்கிடலாம். பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு நீர். அதில் 7 கிலோ நீரை ஆவியாக்கிப் போக்க வேண்டும் எனக் கொண்டால், பாலை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 700 கிலோ கலோரியும், 7 கிலோ நீரை ஆவியாக்கக் கிலோவுக்கு 540 வீதம் 3,780 கிலோ கலோரியும், ஆக மொத்தம் ஏறக்குறைய 4,500 கிலோ கலோரி வேண்டும். பாலைக் காய்ச்சுவதற்கு ஆகும் உஷ்ணத்தைவிட நீரைப் போக்குவதற்கு ஆகும் உஷ்ணம் ஐந்து மடங்குக்கும் மேற்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எட்டில் ஒரு பங்கு உஷ்ணமே பாத்திரத்தைச் சேரும் திறந்த அடுப்பில் இதற்கு 9 கிலோ உலர்ந்த விறகு ஆகும். நாலில் ஒரு பங்கு சேரும்படி சீர்செய்த அடுப்பில் 4½ கிலோ போதும். நூற்றுக்கு 60 பங்கு சேரும் வாயு அடுப்பில் 700 கிராமுக்குக் குறைவான எரிவாயு போதும். தத்தம் ஊரில் விறகும் வாயுவும் விற்கும் விலையை இவ்வெடைகளோடு பெருக்கிப் பார்த்தால், எது லாபம் என்பது ஒவ்வொரு சங்கத்திற்கும் புலப்படும். வியாபாரத்திற்கு உபயோகிப்பது வீட்டுக்குரிய 14.2 கிலோ சிலிண்டராக இருத்தல் கூடாது. அதற்கென ஏற்பட்ட 19 கிலோ சிலிண்டரின் விலையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

விறகுத் தீயில் கிண்டிய கோவாவுக்கே ருசி அதிகம் என்பது நெடுநாளைய நம்பிக்கை. கோவாவின் நிறமும் மணமும் பாலிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் ஒன்றோடொன்று கூடுவதால் பிறப்பவை. இதற்கு வேண்டியது, அகன்ற வாணலியின் அடி முழுவதும் சீராகப் பரவிய சூடும், கை ஓயாத கிண்டலுமே. விறகின் தணல் அகலப் பரவி எரிவதால் அச்சூடு இயல்பாகவே அமைகிறது. வாயு அடுப்பிலோ சிறிய வளையச் சுடர் ஓரிடத்தையே தாக்கினால் அடிபிடிக்கும். ஆகையால் வாயுவுக்கு மாறும் இடத்தில் வாணலிக்கேற்ற அகன்ற அடுப்பும் வேண்டும். விறகையே தொடரும் இடத்தில் அடுப்பின் அடியில் சாம்பல் விழும் இரும்புத் தட்டி, காற்று நுழையும் வாய், கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கி ஆகிய மூன்றும் அவசியம். முந்திரித் தோட்டை எரிப்போர் புகைபோக்கியை இன்னும் கவனிக்க வேண்டும். அத்தோட்டின் எண்ணெய் தோலையும் கண்ணையும் புண்படுத்தும் தன்மையது. நாள் முழுவதும் வாணலியின் முன் நிற்பவரின் கண்ணும் நெஞ்சும் தொழிலின் முதலில் சேர்ந்தவை என்பதை மறத்தலாகாது.

6. சாணம் வறட்டியாகவா, வாயுவாகவா?

பால் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரிடமும் ஓர் எரிபொருள் சுரங்கம் இருக்கிறது. அது மாட்டுத் தொழுவம். காற்றுப் புகாத தொட்டியில் சாணத்தைச் சம அளவு நீரோடு கரைத்துவிட்டால், நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து வாயுவை உண்டாக்கும். அதில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்கு வரை மீதேன். மற்றது பெரும்பாலும் கரியமிலவாயு. 1939இல் டில்லி விவசாய ஆராய்ச்சிக் கழகத்தில் எஸ். வி. தேசாய் என்பவர் இதனை ஆராய்ந்தார். 1960களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் இதைக் கிராமங்களில் பரப்பத் தொடங்கியது.

25 கிலோ ஈரச் சாணத்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். அச்சாணத்தை உலர்த்தினால் 5 கிலோ வறட்டி. அதில் அடங்கிய உஷ்ணம் 15,000 கிலோ கலோரி. வாயுவிலோ 4,700 கிலோ கலோரியே. மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர் வறட்டியே லாபம் என்பர். ஆனால் வறட்டி அடுப்பில் பத்தில் ஒரு பங்கே பாத்திரத்தைச் சேர்வதால் கிடைப்பது 1,500. வாயு அடுப்பில் நூற்றுக்கு 55 பங்கு சேர்வதால் கிடைப்பது ஏறக்குறைய 2,600. அன்றியும், வறட்டி எரிந்தால் எருவின் சத்தான நைட்ரஜன் புகையோடு போய்விடும். வாயு எடுத்த பின்னரோ அச்சத்து சாணக் கரைசலிலேயே தங்கி வயலுக்கு உதவும்.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். ஓர் ஆளின் சமையலுக்கு நாளொன்றுக்குக் கால் கன மீட்டர் வாயு வேண்டும். ஆகவே நாலைந்து பேர் உள்ள குடும்பத்திற்கு மூன்று மாடுகளின் சாணம் ஏறக்குறையப் போதும். ஆனால் மேற்சொன்ன 10 லிட்டர் பாலைக் கோவாவாக்க 1¾ கன மீட்டர், அதாவது நாலைந்து மாடுகளின் சாணம் வேண்டும்; அப்பாலைக் கறப்பதற்கோ ஒன்றிரண்டு மாடுகளே போதும். எனவே சாண வாயு வீட்டு அடுப்புக்கு மிகவும் ஏற்றது. கோவாத் தொழில் முழுவதையும் தாங்காது. சிலிண்டருக்குரிய அடுப்பில் சாண வாயுவை நேராகச் செலுத்துதலும் கூடாது. இதற்கு ஆறு பங்குக்கும் குறைவான காற்றே வேண்டியிருப்பதால், அகன்ற துளையுடைய தனி அடுப்பு அவசியம்.

7. மண்ணெண்ணெயும் விளக்கும்

சீமெண்ணெய் என்று முன்னோர் அழைத்த மண்ணெண்ணெய், தானே ஆவியாகிப் பற்றும் எல்லை 35 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இந்திய நிர்ணயம். அச்சூட்டுக்குக் கீழே திரியின்றி அது எளிதில் பற்றாது. பெட்ரோலோ பூஜ்யத்திற்கு வெகு கீழேயே பற்றும் ஆவியை விடுவது. ஆகையால் மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்திருந்தாலும் விளக்கும் ஸ்டவ்வும் வெடிக்கும் தன்மையை அடைகின்றன. சித்திரை வைகாசி வெயிலில் இவ்வட்டாரத்துச் சூடே 35 டிகிரியைக் கடப்பதால், வெயிலில் வைத்த மண்ணெண்ணெய்த் தகரமும் அபாயத்திற்குரியதே. எரியும் விளக்கிலோ சூடான ஸ்டவ்விலோ எண்ணெய் ஊற்றுவது ஒருகாலும் கூடாது.

மதுரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் இறுதிக் காலத்தைக் கழித்து 1960இல் காலமான ஜே. சி. குமரப்பா, வர்தாவில் அகில பாரத கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய காலத்தில் மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கை அச்சங்கம் பரப்பியது. கிராமத்துப் பணம் எண்ணெய்க் கம்பெனிகளுக்குச் செல்லாமல் கிராமத்திலேயே நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. மின்சாரம் வந்தபின் விளக்கின் கேள்வி மாறிவிட்டது. ஆயினும் எரிபொருளுக்குக் கொடுக்கும் பணம் எங்கே செல்கிறது என்று அவர் கேட்ட கேள்வி இன்றும் பொருந்துவது.

8. அபாயங்களும் காப்பும்

கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் இல்லாதது. இரத்தத்தோடு பிராணவாயு கூடுவதைவிட 200 மடங்கு அதிகப் பற்றுடன் கூடி, உறக்கத்திலேயே உயிரைப் போக்கும். மரக்கரி புகையின்றிக் கனல்வதால் தீங்கற்றதென நினைத்து, மழைக்காலத்தில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி உறங்குவது மரணத்திற்கு வழி.

சிலிண்டர் வாயு காற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளங்களில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு 2 பங்கு அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். இயல்பில் மணமற்ற இதில், கசிவை அறியும்பொருட்டே துர்நாற்றமுள்ள மெர்காப்டன் சேர்க்கப்படுகிறது. அந்நாற்றம் வந்தவுடன் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, மின்சார ஸ்விட்சைப் போடாமலும் அணைக்காமலும் வெளியேறி, 1906 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும். சாண வாயு காற்றைவிடச் சிறிது இலேசானது. ஆயினும் தொட்டியைத் திறந்தவுடன் உள்ளே இறங்குதல் உயிருக்கு அபாயம்.

எண்ணெய்த் தீயில் நீரை ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து தீ பரவும். மணலை இறைத்தோ, நனைத்த கோணிச் சாக்கால் மூடியோ காற்றைத் தடுப்பதே முறை.

9. சங்கங்கள் செய்யக்கூடியவை

2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தாலும் பிற திட்டங்களாலும் வாயு இணைப்புப் பெற்ற குடும்பங்கள் பல. ஆனால் இணைப்பு மாத்திரம் அடுப்பைச் சீராக்கிவிடாது. கூட்டுறவு சங்கங்கள் கீழ்க்கண்டவற்றை மேற்கொள்ளலாம்:

(அ) விறகு வாங்குவோர் கூடி மொத்தமாகக் கோடையில் வாங்கி, பிளந்து உலர்த்திப் பங்கிடுதல்.
(ஆ) வருஷத்திற்கு ஒருமுறையேனும் அங்கத்தினர் வீடுகளின் வாயு அடுப்பு, ரப்பர்க் குழாய், ரெகுலேட்டர் ஆகியவற்றைத் தகுந்த மெக்கானிக்கைக் கொண்டு சோதிப்பித்தல்.
(இ) மூன்று மாடுகளுக்குக் குறையாமல் உடையவர்களுக்குச் சாண வாயுத் தொட்டி அமைக்கக் கடனுதவி செய்தல்.
(ஈ) கோவா அடுப்புகளில் நாளொன்றுக்குக் காய்ச்சிய பாலையும் எரித்த எரிபொருளையும் ஒரே புஸ்தகத்தில் பதிந்து, மாதந்தோறும் கூட்டத்தில் வாசித்தல்.
(உ) பள்ளி உபாத்தியாயரை அழைத்து, மேற்சொன்ன மெழுகுவர்த்திச் சோதனையைச் சங்கக் கட்டிடத்தில் பெரியவர்களுக்கும் செய்து காட்டச் செய்தல்.

இவற்றுள் நான்காவதற்குச் செலவே இல்லை. ஆயினும் மற்ற நான்கின் பயனையும் அளப்பதற்கு அதுவே படி. எரித்ததை எழுதாத அடுப்பு எவ்வளவு வீணாக்குகிறதென்று அதன் உடையவருக்கே தெரியாது.

கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. அங்கத்தினர் வீட்டு அடுப்பில் சுடரின் நிறம் யாது? மஞ்சளாயின் காற்று எங்கே தடைபடுகிறது?
2. ஒரு கிலோ மண்ணெண்ணெய் ஒரு கிலோ விறகைவிட அதிக உஷ்ணம் தருவது எதனால்?
3. சங்கத்துக் கோவா அடுப்பில் 10 லிட்டர் பாலுக்கு எவ்வளவு விறகு செல்கிறது? 9 கிலோவுக்கு மேற்பட்டால் அதைக் குறைக்கும் வழி என்ன?
4. வறட்டியில் உஷ்ணம் மிகுதியாயினும் சாண வாயுவே லாபம் என்பதை எவ்வாறு நிரூபிக்கலாம்?
5. சிலிண்டர் கசிந்த வீட்டில் முதலில் செய்யத்தக்கது எது, தகாதது எது?